ஒன்பதாம் எண் ஜெர்சி

ஜோர்ஜ்டவுன், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன திங்கட்கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. கடைசிப் பக்கத்தில், தங்கச்சியின் உடல்நிலை பற்றியெல்லாம் எழுதிவிட்டு, ஒரே ஒரு வரி போட்டிருந்தாயே, "உங்க பினாங்குக்கு என்னதான் ஆச்சு, கோலே அடிக்க மாட்டேங்கிறாங்களே" என்று, அந்த வரிதான் என்னை ஒரு வாரமாகச் சும்மா இருக்க விடவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது ஊசியில் நூலைத் தானே கோத்துவிடுகிறாள். மகளுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மறுபடியும் இரவு ஷிப்ட். அதனால் பேரன் பாதி நாள் நம் வீட்டில்தான். மழை இன்னும் விட்டபாடில்லை. இவ்வளவுதான்.

சரி, பந்து விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று பேரனைக் கூட்டிக்கொண்டு சிட்டி ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன். நாம் அப்பாக்களின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போன அதே டத்தோ கிராமாட் சாலைதான், ஆனால் இப்போது சுற்றிலும் அடுக்குமாடிகள். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் பழையபடிதான். கச்சான், அதான் வேர்க்கடலை, விற்பவர் கூட அதே மாதிரி படிக்கட்டில் ஏறி இறங்குகிறார். இரண்டாம் பாதியில் ஒரு கட்டம். நம் இடது விங் பையன், உள்ளூர்க்காரன், பந்தை வாங்கி ஒருவனை ஏமாற்றி, கோட்டை ஒட்டி ஓடி, தலையைத் தூக்கிப் பார்க்கிறான். பெனால்டி கட்டத்துக்குள் நம் ஆள் ஒருவர்தான். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அந்த இறக்குமதி ஸ்டிரைக்கர், கோல் அடிக்கவென்றே ஒன்பதாம் எண் இடத்தில் ஆடுபவர். அவரை இரண்டு பேர் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மற்ற நம் ஆட்கள் மூன்று பேர் கட்டத்துக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். வேறு வழியில்லாமல் பையன் உயரத் தூக்கிப் போட்டான். எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரர் நின்ற இடத்திலேயே நின்று தலையால் முட்டி அனுப்பினார். பத்து நிமிடத்தில் இதே காட்சி மூன்று முறை. மூன்றாவது முறை அந்தப் பையன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

பேரன் என் சட்டையை இழுத்துக் கேட்டான், "தாத்தா, அந்தப் பக்கத்து விங்கர் ஏன் உள்ளே ஓடல?" பதினொரு வயது. அவனுக்குத் தெரிகிறது.

அவர்கள் ஏன் ஓடுவதில்லை என்று உனக்கும் தெரியும். கோல் அடிப்பது தங்கள் வேலை என்று நம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது வெளிநாட்டிலிருந்து வருபவரின் வேலை. அவருக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு இவர்கள் வேலை முடிந்தது. பதினைந்து வயதில் கோல் கோலாக அடித்த பையனைக்கூட, பெரிய அணிக்கு வந்ததும் விங்குக்குத் தள்ளுகிறார்கள், இல்லாவிட்டால் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். இது பினாங்கில் மட்டும் நடப்பதில்லை, நாட்டின் முதல் நிலை லீக்கான சூப்பர் லீக்கில் எந்த அணியை எடுத்தாலும் கோல் முன்னால் நிற்கிற ஆள் அநேகமாக வெளிநாட்டுக்காரர்தான். நம் ஊர் என்பதால் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

2021-ஐ எடுத்துக்கொள். நம் பினாங்கு அணி இரண்டாம் நிலைப் பிரிமியர் லீக்கை வென்று மேலே ஏறி வந்த முதல் ஆண்டிலேயே சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். செக் நாட்டுப் பயிற்றுநர் தோமாஸ் துருஹா. முன்னால் காசாகிராண்டே, பின்னாலிருந்து பந்து கொடுக்க எண்ட்ரிக். பந்து கிடைத்ததும் மூன்றே தட்டில் எதிரணி கோலுக்கு முன்னால் போய் நிற்பார்கள். கோவிட் காலம் என்பதால் நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். அந்த ஆண்டு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு என்ன ஆனது? 2022-இல் அதே சூப்பர் லீக்கில் கடைசி இடம். மூன்றாம் இடத்திலிருந்து கடைசி இடத்துக்கு ஒரே வருடத்தில் ஓர் அணி விழ வேண்டுமானால், மேலே போனபோதே கீழே அஸ்திவாரம் போடவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டு மூன்று கால்களை நம்பியே தாக்குதல் முழுவதும் இருந்தது. அந்தக் கால்கள் சோர்ந்த அன்று எல்லாம் முடிந்தது.

இதை எழுதும்போது உன் பெட்டாலிங் ஜெயா சிட்டி ஞாபகம் வருகிறது. நீ விடாமல் போய்ப் பார்த்த அணி. அதே 2022-இல் அவர்கள் ஓர் இறக்குமதி ஆட்டக்காரர்கூட இல்லாமல், முழுக்க உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்து, பி. மணியம் பயிற்சியில் ஒரு சீசன் முழுவதும் ஆடினார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் இருந்தார்கள்! அந்த அணி பட்டியலில் பினாங்குக்கு மேலேதான் முடித்தது. இறக்குமதி ஆட்டக்காரர்கள் இருந்த நாங்கள் அவர்களுக்குக் கீழே. அந்த சீசன் முடிந்ததும் அவர்கள் லீக்கை விட்டே விலகிவிட்டார்கள். அன்றிரவு நீ தொலைபேசியில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாய். அந்த முயற்சி இன்னும் இரண்டு சீசன் தொடர்ந்திருந்தால் எத்தனை உள்ளூர் ஸ்டிரைக்கர்கள் வந்திருப்பார்களோ என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

நம் சின்ன வயதில் இந்தக் கேள்வியே எழவில்லையே. 1974 மலேசியக் கிண்ண இறுதியாட்டம். மெர்டேக்கா அரங்கத்தில் பேராக்கோடு. துறைமுகக் குடியிருப்பில் இருந்த ஒரே பெரிய ரேடியோவைச் சுற்றி முப்பது பேர், நாம் இரண்டு பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். மலாயில் வர்ணனை, பாதிதான் புரியும். ஆனால் "ஈசா பாக்கார்" என்ற பெயர் வரும்போதெல்லாம் உன் அப்பா தொடையில் ஓங்கி அடிப்பாரே, அது மட்டும் இன்னும் காதில் கேட்கிறது. ஈசா பாக்கார், அவர் அண்ணன் அலி பாக்கார், இரண்டு பேரும் பினாங்குக்காரர்கள், இரண்டு பேரும் தாக்குதல் ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு முன்னாலேயே ஷாஹாருடின் அப்துல்லா, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்ற மலேசிய அணியில் இருந்தவர். நடுத்திடலில் ஷுக்கோர் சாலே. நம் பினாங்கில் வளர்ந்து, இங்குள்ள திடல்களில் ஆடியவர்கள்தான் கோல் அடித்தார்கள். ஸ்டிரைக்கரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் என்ற யோசனையே அப்போது யாருக்கும் இல்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "1998-லயும் 2001-லயும் லீக் ஜெயிச்சப்ப மெர்சாகுவா கோல் அடிக்க, நீதானே எழுந்து நின்னு கத்தினே?" ஆமாம், கத்தினேன். மொரோக்கோவிலிருந்து வந்த மனிதர், நம் ஊரில் எல்லாருக்கும் பிடித்துப்போனவர். இறக்குமதி ஆட்டக்காரர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ட்ரிக் பின்னாளில் மலேசியக் குடியுரிமை பெற்றுத் தேசிய ஜெர்சி போட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன் கோலாலம்பூர் சிட்டியின் பாவ்லோ ஜோசுவேயும் அப்படித்தானே. 2021 மலேசியக் கிண்ண இறுதியில் ஜோகூர் அணியான ஜேடிடிக்கு எதிராக அவர் இரண்டாவது கோலை அடித்தபோது நீ அழுதுவிட்டதாக எழுதியிருந்தாய். 32 ஆண்டுக் காத்திருப்பு, அழாமல் என்ன செய்வாய். ஆனால் அந்த ஆட்டத்தில் முதல் கோலை அடித்தது யார்? ஸாஃப்ரி யாஹ்யா, உள்ளூர்க்காரர். வெளிநாட்டுக்காரர் பக்கத்தில் ஓர் உள்ளூர்க்காரரும் கோல் அடிக்க வேண்டும், நான் கேட்பது இவ்வளவுதான்.

2009 முதல் 2011 வரை லீக்கில் இறக்குமதி ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்ததே, மறந்திருக்க மாட்டாய். அந்த மூன்று வருடமும் லீக் ஆட்டத்தின் தரம் குறைந்ததாக நிறைய பேர் குறைப்பட்டார்கள். நானும்தான். ஆனால் அதே காலத்தில்தான் நம் கே. ராஜகோபால் பயிற்சியில் தென்கிழக்காசிய நாடுகளின் 2009 சீ விளையாட்டுத் தங்கமும், அதே நாடுகள் மோதும் 2010 சுஸுகிக் கிண்ணமும் தேசிய அணிகளுக்கு வந்தன. புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று அடித்த இரவு உன் வீட்டில்தான் இருந்தேன். ஐந்து கோல் அடித்து அந்தப் போட்டியில் முதலிடம் பிடித்தது சாஃபி சாலி. லீக்கில் அவருக்கும் அவர் வயதுப் பிள்ளைகளுக்கும் வாராவாரம் கோல் முன்னால் நிற்க இடம் கிடைத்தது. தவறவிட்டாலும் அடுத்த வாரம் மறுபடி இறக்கினார்கள். தவறவிடத் தவறவிடத்தான் ஸ்டிரைக்கர் உருவாகிறான் என்று நான் நம்புகிறேன். 2012-இல் தடை நீங்கியது. அதற்குப் பிறகு கோல் முன்னால் அந்த இடம் நம் பிள்ளைகளுக்குச் சுருங்கிக்கொண்டே வந்துவிட்டது.

பினாங்கு மண்ணில் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஃபைசால் ஹலிம் நம் பினாங்குப் பையன்தானே. இங்கே ஆடிவிட்டுப் பிறகு திரெங்கானு, சிலாங்கூர் என்று போனான். 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராக அவன் அடித்த கோலை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அவர்களுடைய தற்காப்பு ஆட்டக்காரர் கிம் மின் ஜே மாதிரி ஒரு மலையை எதிரில் வைத்துக்கொண்டு, கோட்டுக்குப் பக்கத்தில், கோலே தெரியாத ஒரு மூலையிலிருந்து உள்ளே தள்ளினானே! ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் அவன் மீது அமிலம் வீசினார்கள் என்று கேட்டபோது உன் அண்ணி சோறு போட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டாள். சொந்தப் பிள்ளைக்கு நடந்தது போல் இருந்தது. அவன் மறுபடியும் திடலில் இறங்கிய அன்று நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ஒருவன் நம் ஜெர்சியிலேயே வளர்ந்து, நம் ஜெர்சியிலேயே நிலைத்திருக்க வேண்டாமா?

சிட்டி ஸ்டேடியத்தில் உட்காரும்போதெல்லாம் ஃபைஸ் சுப்ரியின் அந்த பிரீ கிக் அடித்த இடத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். 2016 பிப்ரவரி, பகாங்கோடு ஆட்டம். பந்து ஒரு பக்கம் போவது போல் கிளம்பி, நடுவானில் மறுபக்கம் திரும்பியது. கோல் காவலர் ஏமாந்து நின்றார். அதற்கு, ஆண்டின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கும் புஷ்காஸ் விருது கிடைத்தது, ஆசியாவிலேயே முதல் ஆளாக. உலகமே பார்த்த கோல், அடித்தது கெடாவிலிருந்து வந்த மலேசியப் பையன், அடித்த இடம் நம் டத்தோ கிராமாட் சாலை. பேரனுக்கு அந்த இடத்தைக் காட்டினேன். அவன் இடைவேளையில் கம்பி வேலி வரைக்கும் இறங்கிப் போய், அங்கே நின்று, கோல் கம்பத்துக்கு எவ்வளவு தூரம் என்று கையை நீட்டி அளந்து பார்த்தான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதுதான் என் மனத்தை அரிக்கிறது. ஜெலுத்தோங் பக்கம் ஒரு திடலில் ஞாயிறு காலைகளில் பயிற்சிக்குப் போகிறான். இதுவரை முன்னால்தான் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு வாரத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் கோல் காவலர் மட்டும் எதிரில் இருக்க, பந்தை வெளியே அடித்துவிட்டான். அடுத்த வாரமே பயிற்றுநர் அவனை வலது பின்வரிசைக்கு மாற்றிவிட்டார். அவன் இடத்தில் கொஞ்சம் உயரமான பையன். நான் அந்தப் பயிற்றுநரிடம் மரியாதையாகவே கேட்டேன். "அங்கிள், ஜெயிக்கணும்ல" என்றார். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள்! அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மேலே பெரிய அணியில் நடப்பதைப் பார்த்து அவரும் அப்படியே செய்கிறார்.

பிள்ளை வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய பூட்ஸ் பெரியப்பா மகனுடையது, ஒரு சைஸ் பெரிது. முன்னால் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துப் போட்டுக்கொள்கிறான். அன்று சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து, அந்தத் தாளை எடுத்துவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் சேற்றை ஒவ்வொரு குமிழாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து போய் மதிலில் பந்தை அடிக்க ஆரம்பித்தான். இடது கால், வலது கால், இடது கால். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இருட்டும் வரை அடித்தான். இன்றைக்கும் அடித்தான். நானும் வெளியே போய்க் கோல் காவலராக நின்றேன்.

தைப்பூசத்துக்கு நீங்கள் வருவது உறுதிதானே? தங்கச்சிக்கு மலையேற முடியாவிட்டால் பரவாயில்லை, கீழே தண்ணீர்ப்பந்தலில் உட்காரலாம், உன் அண்ணி கூட இருப்பாள். உள்ளூரில் ஆட்டம் இருந்தால் நாம் மூன்று பேரும் போவோம். வரும்போது ஒன்று மட்டும் மறக்காதே. உன் அப்பா செய்தித்தாளிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருந்த ஈசா பாக்கார் படம் செந்தூல் வீட்டில் உன்னிடம்தான் இருக்க வேண்டும். தேடி எடுத்துக் கொண்டு வா. பேரனிடம் சொல்லிவிட்டேன், அவன் சுவரில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறான்.

அன்புடன்,
உன் பழைய தோழன்