கலையாமல் இருந்ததால் கிடைத்த வெற்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். "ரோட்டில் உட்கார்ந்தால் சட்டம் மாறிவிடுமா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். மாறியிருக்கிறது. 2020 செப்டம்பரில் நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்களையும் 2021 நவம்பர் 29 அன்று அதே நாடாளுமன்றம் ரத்து செய்தது. இடைப்பட்ட காலத்தில் ஓராண்டுக்கு மேல் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப்பிரதேச விவசாயிகள் டெல்லியின் சிங்கு, திக்ரி, காஜிப்பூர் எல்லைகளை விட்டு நகரவில்லை.

அது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் முக்கியம். டிராக்டர் டிரெய்லருக்குத் தார்ப்பாய் கட்டி அதிலேயே குடியிருந்தார்கள். லங்கர் எனும் சீக்கியர்களின் பொதுச் சமையற்கூடத்தில் நாள் முழுக்க ரொட்டி சுட்டார்கள். ஊர் ஊராக முறை வைத்து ஆள் அனுப்பினார்கள். வந்தவரின் வயலை ஊரில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். டெல்லியில் உள்ள அரசு மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனபோதுகூட அரசு வைத்த சாப்பாட்டைத் தொடாமல், லங்கரிலிருந்து வந்ததைத்தான் சாப்பிட்டார்கள்.

2021 ஜனவரி 26 அன்று டிராக்டர் பேரணியில் ஒரு பகுதியினர் செங்கோட்டைக்குள் புகுந்ததும் எல்லாம் கைவிட்டுப் போகப் பார்த்தது. அதுவரை அனுதாபம் காட்டியவர்களே முகம் சுளித்தார்கள். இரண்டே நாளில் காஜிப்பூரில் போலீஸ் குவிந்தது. விவசாயிகள் தலைவர் ராகேஷ் டிகாயத் கேமராக்கள் முன்னால் அழுதார். ஊரிலிருந்து வரும் தண்ணீரைத்தான் குடிப்பேன் என்றார். கிராமத்து மக்கள் தண்ணீரோடு திரண்டு வந்தார்கள். அன்றிரவு அங்கே ஒரு கல் பறந்திருந்தாலும் போலீஸார் கூடாரங்களைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

உத்தரப்பிரதேசத் தேர்தல் நெருங்கியதால்தான் பிரதமர் இறங்கி வந்தார் என்பார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். தேர்தல் வரும்வரை இவர்கள் கலையாமல் இருந்ததால்தானே அந்தப் பயம் வந்தது? ஆனால் விளைபொருளுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கிடைக்காமலேதான் ஊர் திரும்பினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2017இல் நம் தமிழக விவசாயிகள் டெல்லியில் போராட்டங்கள் நடக்கும் ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு 41 நாள் உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. படங்கள் நாடு முழுக்க வந்தன. கேட்ட கடன் தள்ளுபடி வரவில்லை. அவர்களுடைய உறுதியில் ஒரு குறையும் இல்லை. முறை வைத்து ஆள் அனுப்பவும், பின்னால் நின்று சோறு போடவும் டெல்டாவிலிருந்து நாம்தான் போகவில்லை.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். தர்ணா நடந்த அன்று ஒரு படம் போடுவதோடு விட்டுவிடாமல், ஆறு மாதம் கழித்து அங்கே கொடுத்த மனு என்ன ஆனது என்றும் அதிகாரிகளிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.