ராத்திரி வேலை முடிந்து கலாவுக்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது, மன்னித்துக்கொள். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. உன் அண்ணன் மகளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதை எழுதிவிட்டு, "நீ பார்க்கிற வேலை என்ன என்று இப்போதாவது விவரமாக எழுது" என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் தவிக்கிற வீடுகளுக்கு நேரில் போய் உதவுவதுதான் என் வேலை. எங்களுக்கு போன் வருவது பெரும்பாலும் ராத்திரியில்தான். "அடிக்கிறான், கையைக் கடிச்சுக்கிறான், எங்களால பிடிக்க முடியலை" என்பார்கள். ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடு. பிள்ளைகள் என்கிறேன், பாதிப்பேர் இருபதைத் தாண்டியவர்கள். போனதும் நான் செய்வதைப் பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். டிவியை நிறுத்துவேன். ட்யூப்லைட்டை அணைப்பேன். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரை அனுப்பிவிடுவேன். கத்தி, கண்ணாடி, வெந்நீர் எல்லாம் வேறு அறைக்குப் போகும். அப்புறம் வாசல் வழியை மறைக்காமல், கை எட்டாத தூரத்தில் பக்கவாட்டில் நிற்பேன். "நான் இங்கேதான் இருக்கேன்" என்று மெதுவாக ஒருமுறை சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுவேன். அந்த நேரத்தில் நம் பேச்செல்லாம் அவர்கள் காதில் இரைச்சல். "ஏன்டா இப்படிப் பண்றே" என்று அம்மாக்கள் அழுதுகொண்டே கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடிந்திருந்தால் அவன் கையைக் கடித்திருக்கவே மாட்டான் கலா.

போன ஐப்பசியில் ஒரு பையன். வயது 22, பேச்சு கிடையாது. பஸ் என்றால் உயிர். 29சி, 21ஜி என்று முன்பலகை தெரியும் படங்களை அட்டையில் ஒட்டி, நாள் முழுக்க வரிசையாக அடுக்குவான். மூன்று வாரமாகத் தன் வலது கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தான். தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனதில் கண்பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். நான் அவன் அம்மாவிடம் ஒரு நோட்டு கொடுத்து, எத்தனை மணிக்கு நடந்தது, அதற்கு முன்னால் என்ன, பிறகு என்ன என்று மட்டும் எழுதச் சொன்னேன். நாலாம் நாள் நோட்டைப் புரட்டினால், எல்லாமே சாப்பாட்டை ஒட்டி. ஃப்ரிட்ஜ் தண்ணீர் குடித்த கையோடு இரண்டு முறை. முறுக்கு டப்பாவைக் கைகாட்டிக் கேட்கிறவன், பத்து நாளாக அந்தப் பக்கமே போகவில்லை.

ஞானப்பல். உள்ளே சீழ் பிடித்திருந்தது.

முதலில் போன இடத்தில் "கை காலைக் கட்டினால்தான் பார்ப்போம்" என்றார்கள். வலியில் துடிக்கிறவனைப் பார்த்துச் சொன்ன அந்தச் சொல்லை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இரண்டாவது இடத்தில் மயக்க மருந்து கொடுத்துப் பொறுமையாக எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அவன் தூங்கினான். அவன் அம்மா சமையலறை வாசலிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதே மாதிரி வீடுகள் எத்தனையோ. கரண்ட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை, வழக்கமான பிஸ்கட் கடையில் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி நடந்தால்தான் உலகம் பிடிபடுகிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசி. இப்போது மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பை தயார் செய்யச் சொல்கிறோம்: காதுக்கு ஹெட்போன், பிடித்த பிஸ்கட், படஅட்டை, மாத்திரைச் சீட்டின் நகல்.

பல்வலிப் பையனின் அம்மா என்னிடம் கேட்டது, எல்லா அம்மாக்களும் கேட்பதுதான்: "எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?" என்னிடம் முழுப் பதில் இல்லை. பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி தானாகவே காப்பாளராகிவிட முடியாது, தனியாக நியமனம் வாங்க வேண்டும் என்பது பலருக்கு பாங்க் கவுண்டரில்தான் தெரியவருகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழு காப்பாளரை நியமிக்கும். அந்த மனுவை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

அண்ணனுக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம், பாப்பாவுக்கு நாலு வயதுதானே. அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (சின்ன வயதிலேயே வளர்ச்சிக் குறையைப் பார்த்துப் பயிற்சி தரும் இடம்) இந்த மாதமே கூட்டிப் போகச் சொல். ஊனச் சான்றிதழ் வாங்கத் தயங்க வேண்டாம். அவள் காதைப் பொத்திக்கொண்டால் அதட்டாமல், என்ன சத்தம் என்று தேடச் சொல். அண்ணி எப்போது வேண்டுமானாலும் எனக்கு போன் செய்யட்டும். ராத்திரி ஆனாலும் சரி.

ஒரு உதவி. மாட்டுத்தாவணிப் பக்கம் போனால், நாலைந்து பஸ்ஸை முன்பலகை நன்றாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. மதுரை பஸ் எதுவும் அந்தப் பஸ் பையனிடம் கிடையாது.

உன்,
வசந்தி