ஆலங்கட்டிக்கு ஓர் இன்வெர்ட்டர்: கொள்முதல் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் மேக ஆய்வுக்கூடத்தின் டீப் ஃப்ரீசருக்கு இன்வெர்ட்டர் கேட்ட கோப்பு மூன்றாவது முறையாகத் திரும்பியிருக்கிறது. "ஐஸ்தானே, கேன்டீன் ஃபிரிட்ஜில் வைக்கலாம்" என்று இந்த முறை குறிப்பு வேறு.

வேலூர்க் கோடையில் இடிமழை பெரும்பாலும் மாலையில்தான் இறங்கும். காற்று எழும்பியதுமே கரண்ட் போய்விடும். எப்போதாவது ஆலங்கட்டி விழுந்தால் அதுவும் அந்த வேளையில்தான். கையுறையோடு பொறுக்கி, காற்றைப் பிதுக்கிய பையில் அடைத்து, மைனஸ் 20 டிகிரியில் வைத்தவை, இரவு முழுக்கக் கரண்ட் வராவிட்டால் காலையில் வெறும் தண்ணீர்.

அதைத் திரும்ப உறைய வைத்துப் பயனில்லை. ஆலங்கட்டியை அறுத்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். துளிகள் பட்டவுடன் உறைந்த இடம் காற்றுக் குமிழ்களைச் சிறைப்பிடித்து வெள்ளையாகத் தெரியும். நீர் மெல்ல உறைந்த இடம் கண்ணாடி போல இருக்கும். மேகத்துக்குள் அந்தக் கட்டி வளர்ந்த கதை முழுக்க அந்த அடுக்குகளில்தான் இருக்கிறது.

வெளி அடுக்கை நீக்கிவிட்டு நடுக்கருவை மட்டும் உருக்குகிறோம். 1 மைக்ரோலிட்டர் துளிகளாகக் குளிர்தட்டில் இட்டு, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து, எந்தக் குளிரில் உறைகின்றன என்று பார்க்கிறோம். தூய நீர்த்துளி மேகத்தில் ஏறத்தாழ மைனஸ் 38 வரை உறையாமல் தாங்கும். தூசியோ சில பாக்டீரியாவோ உள்ளே இருந்தால் அதற்கு வெகு முன்பே உறைந்துவிடும். கட்டி முழுதாக உருகினால் தரையில் ஒட்டிய மண் எல்லாவற்றோடும் கலந்துவிடும். பிறகு கிடைப்பது மேகத்தின் கணக்கல்ல, பாலாற்று மண்ணின் கணக்கு.

தானாகப் பனி நீக்கும் ஃபிரிட்ஜில் அவ்வப்போது ஹீட்டர் ஓடும். அந்த ஏற்ற இறக்கத்தில் கட்டி சிறுகச் சிறுக ஆவியாகிச் சுருங்கும். கேன்டீன் யோசனை உதவாததற்குக் காரணம் இதுதான். தயவுசெய்து இன்வெர்ட்டர் கொடுங்கள்.

மழை பொய்த்த ஆண்டெல்லாம் செயற்கை மழைக்காக மேகத்தில் சில்வர் அயோடைடு தூவச் சொல்லிக் குரல் எழுகிறது. மைனஸ் 5-க்கும் கீழே உறையாத நீர் மிஞ்சியிருக்கும் மேகத்தில்தான் அது வேலை செய்யும். பக்கத்தில், ஆந்திராவின் காதங்கியில் உள்ள வளிமண்டல ஆய்வகத்தில் ரேடாரும் லைடாரும் (ரேடியோ அலைக்குப் பதில் லேசர் ஒளியால் பார்க்கும் கருவி) வானத்தைப் பார்க்கின்றன. ஆனால் கட்டியின் நடுவில் எந்தத் துகள் இருக்கிறது என்பதை அவை சொல்லாது. அந்தக் கட்டியைக் கையில் வைத்திருக்கும் எங்களாலோ அதை ஓர் இரவு காப்பாற்ற முடியவில்லை. இதற்கு மூன்று முறை கோப்பு அனுப்ப வேண்டியிருக்கிறதே என்பது உண்மையிலேயே வேதனை.

நாங்கள் கேட்பது 1.5 கேவிஏ ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு. மலிவான ஸ்கொயர் வேவ் வேண்டாம். கம்ப்ரசர் சூடாகிக் கெட்டுவிடும். அடுத்த அக்னி நட்சத்திரத்துக்கு முன் ஒப்புதல் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மேக ஆய்வுக்கூடத்தினர், வேலூர்