திருவையாறு தியாகராஜர் ஆராதனை: தொண்டுக்கு வருபவர்கள் கவனத்துக்கு

வணக்கம். தியாகராஜர் சமாதியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை 6 மணிக்கே நம் ஆட்கள் காவிரிக்கரைப் பந்தலில் இருக்க வேண்டும். உஞ்சவிருத்தி (பாடிக்கொண்டே பிச்சை ஏற்கும்) ஊர்வலம் வந்து சேர்ந்ததும் கூட்டம் மளமளவென ஏறிவிடும், அப்புறம் உள்ளே நுழையவே முடியாது.

நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும்வரை, தியாகராஜரின் 5 பஞ்சரத்ன கீர்த்தனைகளுக்கும், பந்தலுக்குள் தண்ணீர் கேனை உருட்ட வேண்டாம். போன தடவை வராளி ராகக் கீர்த்தனை நடுவில் நான் எவர்சில்வர் தம்ளர் அடுக்கைத் தட்டிவிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது! இந்த முறை காகிதக் கப்தான்.

வெகுநேரம் சம்மணமிட்டு உட்காரும் பெரியவர்கள் எழும்போது கால் மரத்துத் தடுமாறுவார்கள். பக்கத்தில் நின்று கை கொடுங்கள். செருப்பு பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு பேர் வேண்டும். யாரும் விரும்பாத வேலை, தெரியும். வர முடியாதவர்கள் இன்று இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.