கற்பூர மரத்தின் சொந்த ஊர்

ஊட்டி,
பொங்கல் கழிந்த மூன்றாம் நாள்

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை நேற்றிலிருந்து ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். அடிமரம் முதல் உச்சிவரை கரிக்கட்டையாய் நிற்கிறது கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். அந்தக் கரியைப் பிளந்துகொண்டு, உடம்பெல்லாம் ரோமம் முளைத்த மாதிரி பச்சைத் தளிர். "அம்மா, இங்க காடு முழுக்க நம்ம வீட்டு வாசனைதான்" என்று வேறு சொல்லியிருந்தாய். அது நம் வீட்டு வாசனை இல்லை பாப்பா, அந்த ஆஸ்திரேலியாவின் வாசனை. நாம்தான் 1843இல் அந்த மரம் இங்கே வந்ததிலிருந்து இரவல் வாங்கி வைத்திருக்கிறோம்.

நீ கிளம்பும்போது உன் பெட்டியில் ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் வைத்தேனே, அதை நினைத்து இப்போது சிரிப்பு வருகிறது. மெல்போர்னுக்குப் போகிறவளிடம் யூகலிப்டஸ் தைலம் கொடுத்தனுப்பியது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் அந்த மரத்துக்கே 'நீலகிரி' என்று பெயராகிவிட்டது. வந்தேறிக்கு நம் மலையின் பெயரையே தாரை வார்த்திருக்கிறோம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எரிந்த மரம் எப்படித் தளிர்க்கிறது? பட்டைக்கு உள்ளே, தீ எட்டாத ஆழத்தில், அந்த மரம் மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கிறது. உச்சியில் இலை இருக்கும்வரை அங்கிருந்து வரும் ஹார்மோன் அவற்றை எழவிடாது. தீ வந்து உச்சியைக் கருக்கிவிட்டால் அதட்டுவதற்கு ஆள் இல்லை. அடிமரம் நெடுக எல்லாம் விழித்துக்கொள்கின்றன. நீ படம் எடுத்தது அதைத்தான்.

ஆனால் எல்லா யூகலிப்டஸும் இப்படி இல்லை. அந்தக் குடும்பத்தில் 700க்கும் மேல் இனங்கள் உண்டு. நீ டாண்டினாங் மலைக்குப் போனபோது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாயே, 'மவுண்டன் ஆஷ்', அது வேறு ரகம். பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமானவற்றில் அதுவும் ஒன்று. டாஸ்மேனியாவில் நிற்கும் ஒன்று ஏறக்குறைய 100 மீட்டர். பெருந்தீ வந்தால் அது செத்துப்போகும். சாகிறபோது உச்சியில் காத்து வைத்திருந்த காய்களைத் திறந்து, சூடு ஆறிய சாம்பலில் விதையைக் கொட்டிவிடும். நிழல் போட இலை இல்லை, சாம்பலே உரம், பிள்ளைகள் ஒரே வயதில் மொத்தமாக எழுந்து நிற்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் காய் பிடிக்க 15, 20 வருஷம் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த இடத்தில் அந்தக் காடு கிடையாது.

2009 பிப்ரவரி 7 உனக்கு நினைவிருக்க நியாயமில்லை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அன்றைக்கு மெல்போர்னில் 46.4 டிகிரி. நீ இப்போது இருக்கும் விக்டோரியாவில் அன்றைக்குப் பற்றிய காட்டுத்தீயில் 173 பேர் போய்விட்டார்கள். மரத்துக்குப் பழகிய தீதான், மனுஷருக்குப் பழக்கமில்லை. வெயில் நாளில் காட்டுப் பக்கம் போகும்முன் எச்சரிக்கை பார்த்துவிட்டுப் போ. அம்மாவாகச் சொல்கிறேன், டீச்சராக இல்லை.

தாத்தாவின் தைல அடுப்பு நினைவிருக்கிறதா? செம்புப் பானையில் இலையைக் காலால் மிதித்து அடைத்து மூடியைச் சுற்றி மண் பூசுவார். ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து சொட்டும். நீரின் மேல் மஞ்சளாகத் தைலம் மிதக்கும். உன் கண் எரிந்து நீ அழுவாய். அங்கே குவித்த இலைகளைப் பிரித்து விளையாடும்போதுதான் கேட்டாய்: "ஒரே மரத்துல ரெண்டு மாதிரி இலை ஏன்மா?" வெட்டிய அடிக்கட்டையில் துளிர்த்த கிளையில் அகன்ற, வெளிறிய நீல இலை, கையில் தேய்த்தால் மெழுகு ஒட்டும். வளர்ந்த மரத்தில் அரிவாள் மாதிரி நீண்டு தொங்கும் இலை. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தொங்குவதற்குக் காரணம் உச்சி வெயில். இலை கிடைமட்டமாக இருந்தால் நண்பகல் சூரியன் முழுதும் அதன்மேல் விழும். தொங்கினால் விளிம்பில் மட்டும் பட்டுக் கீழே இறங்கிவிடும், தண்ணீர் மிச்சம். "இந்த மரத்தடியில நிழலே இல்ல" என்று நீ புலம்பியது அதனால்தான்.

தைலம்கூட நம் சளிக்காக உண்டானதல்ல. தின்ன வருகிறவனை விரட்டும் விஷம். அதையே தின்று வாழப் பழகியது உங்கள் ஊர் கோலா. இரண்டு மீட்டர் நீளக் குடல்வாலறையில் (பெருங்குடல் தொடங்கும் இடத்துப் பை) நுண்ணுயிர்களை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் செரித்து, கிடைக்கும் சொற்ப சத்தைச் செலவழிக்காமல் நாளில் 20 மணி நேரம் தூங்குகிறது. அந்த நுண்ணுயிர் குட்டிக்கு எப்படி வரும் தெரியுமா? தாயின் கழிவில் ஒருவகைக் கூழைத் தின்று. முகம் சுளிக்காதே, பிள்ளைக்குச் சீர் கொடுக்கிற முறை ஊருக்கு ஊர் மாறும்.

இங்கே இந்த மரத்தை எவரும் தின்பதில்லை. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

நேற்று விடியலில் நடக்கப் போனேன். புல்வெளியில் உப்புக் கொட்டிய மாதிரி உறைபனி, காலடியில் நொறுங்கியது. சோலைக்காட்டின் ஓரம் வந்ததும் கயிறு கட்டி நிறுத்தினது போல வெள்ளை நின்றுவிட்டது. உள்ளே நாலடி வைத்தால் ஈரக் கதகதப்பு. சோலை மரத்தின் விதை புல்லில் விழுந்து முளைத்தாலும் இந்தப் பனி கருக்கிவிடும். வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்பது காட்டுப்பூவரசு ஒன்றுதான். தடித்த பட்டையும் தோல் போன்ற இலையும் அதற்குப் பனியையும் தீயையும் தாங்கக் கொடுத்திருக்கின்றன. இந்தப் புல்வெளி காட்டை அழித்து வந்ததென்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த மலையின் சதுப்பில் செடிகொடி மக்கிப் படிந்த சேற்றுக்கரியைத் தோண்டி அதிலிருக்கும் கார்பனை ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள்: 20,000 வருஷத்துக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது சும்மா கிடந்த நிலம். விறகு வேண்டும், மரம் இல்லாத இடத்தில் மரம் நட்டான். அவனுக்குப் பின் நாமும் நட்டோம். யூகலிப்டஸும், சீகை என்று இங்கே சொல்லும் ஆஸ்திரேலிய வாட்டில் மரமும் குளிருக்குப் பழகியவை, பனி அவற்றைத் தடுக்கவில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல வருஷம் கிடக்கும். எரித்தால் ஓடு வெடித்துப் புல்லைவிட அடர்த்தியாக முளைக்கும். அங்கே தீயில் பிழைக்கக் கற்ற பாடம் இங்கே கைகொடுக்கிறது. கிளன்மார்கன் பக்கம் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றில் யூகலிப்டஸ் நட்டு, மற்றதைப் புல்லும் சோலையுமாக விட்டு 1972 முதல் அளந்தார்கள். மரம் நட்ட பக்கம் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி மறுபடி துளிர்த்த பிறகு 25 சதவீதம்.

எனக்கு உறுத்துவது வேறு. முப்பது வருஷம் உலகப் படத்தில் கலர் சாக்பீஸால் உயிரினத் தொகுதிகளை வரைந்து காட்டினேன். புல்வெளி என்றால் ஆப்பிரிக்க சவானா, வட அமெரிக்க பிரெய்ரி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சரிவில் கிடந்த புல்வெளியை ஒரு நாள்கூட ஜன்னலைத் திறந்து காட்டவில்லை. பரீட்சையில் வராது என்பதுதான் காரணம். ஓய்வு பெற்றபின் அந்த மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தேன். உன் போட்டோ வந்ததிலிருந்து திட்ட வாய் வரவில்லை. அதன் ஊரில் அது எவ்வளவு அழகாக இருக்கிறது!

வரும்போது அந்த மரத்தின் காயை ஞாபகார்த்தமாகக் கொண்டு வருகிறேன் என்றாயே, அது மட்டும் வேண்டாம். ஒரு காய்க்குள் எத்தனை விதை இருக்கும் என்று உனக்கே தெரியும். போட்டோ போதும். அதே மரத்தை ஆறு மாதம் கழித்து, அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுத்து அனுப்பு.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. தைலம்தான் தேய்க்கிறார்.

அம்மா