எங்கள் சப்பாத்துகளைத் தைத்த ஐயாவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

அன்பான திருகோணமலை உறவுகளுக்கும், கடல் கடந்து இருந்துகொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "என்ன முடிவு?" என்று கேட்டுச் செய்தி போட்டவர்களுக்கும் வணக்கம்.

நேற்றுப் பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்தில், எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் கடைசி லீக் ஆட்டத்தில், நடுவர் கடைசி விசிலை ஊதினார். 1-1. அந்த ஒரு புள்ளியோடு லீக்கில் எங்கள் பிரிவிலேயே நிற்கிறோம், கீழே இறங்கவில்லை. விசில் சத்தம் கேட்டதும் பெடியள் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார்கள். கழகச் செயலாளர் நான் கோட்டுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தேன். இரவு முழுக்க நித்திரை இல்லை. இந்தக் கடிதத்தை விடிய முதலே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கார்த்திகை வெள்ளத்தில் நடந்ததை நான் திரும்ப எழுதப் போவதில்லை. நீங்கள் எல்லாரும் அதற்குள் நின்றவர்கள். கழக அறைக் கதவைத் தள்ளித் திறந்த அன்று என் பக்கத்தில் நின்ற பலர் இதை வாசிப்பீர்கள். அன்று நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை, ஞாபகம் இருக்கும்.

மாசியில் லீக் தொடங்கும் என்று அறிவித்தல் வந்தபோது எங்களிடம் பந்து இல்லை, வலை இல்லை, ஜேர்சி இல்லை. அவற்றையெல்லாம் ஒருவாறு கடன் வாங்கலாம். சப்பாத்தைக் கடன் வாங்க முடியாது. ஒவ்வொருவன் காலும் ஒவ்வொரு அளவு. இருபத்திரண்டு சோடியை வெளியே எடுத்துக் காயப்போட்டோம். தோல் மரக்கட்டை மாதிரி இறுகிவிட்டது, அடி தனியாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது. புதிது வாங்க வேண்டும் என்றால் இன்றைய விலைக்கு ஒரு சோடிக்கே ஒரு குடும்பத்தின் இரண்டு கிழமைச் சாப்பாடு போய்விடும். வீட்டுக்கு அரிசி தேடிக்கொண்டிருந்த தகப்பனிடம் எந்தப் பிள்ளை போய் பூட்ஸ் கேட்பான்?

எங்கள் பயிற்றுநர் பெடியளைத் தேற்றுவதற்காக ஒரு கதை சொன்னார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பலர் வெறுங்காலோடுதான் பிரான்ஸுக்கு எதிராக ஆடினார்கள், 2-1 என்றுதான் தோற்றார்கள் என்று. நல்ல கதை. ஆனால் இன்றைய விதியில் காலணி கட்டாயம், அது இல்லாதவனை நடுவர் உள்ளே விடமாட்டார். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே தொடங்காது. நான் அறை வாசலில் நின்று, போடக்கூடிய நிலையில் இருந்த சோடிகளை எண்ணினேன். ஐந்து.

அப்போதுதான் எங்கள் இரண்டாவது கோல் காப்பாளன், பத்தொன்பது வயதுப் பெடியன், ஒன்றும் சொல்லாமல் நான்கு சோடியை உரப்பையில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் போனான். அங்கே வேப்பமரத்துக்குக் கீழே, பழைய குடை ஒன்றை மரத்தோடு சாய்த்துக் கட்டி, சப்பாத்தும் பையும் குடையும் தைத்துக்கொண்டிருக்கும் ஐயாவை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். அவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் "ஐயா" என்றே எழுதுகிறேன்.

மற்ற நாள் நானும் போனேன், கூலி பேசுவதற்கு. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பூட்ஸை மடியில் கவிழ்த்து வைத்து, குத்தூசியால் அடியின் ஓரத்தில் ஒவ்வொரு துளையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நைலோன் நூலை மெழுகில் இரண்டு தரம் இழுத்து, இரண்டு பக்கமிருந்தும் ஒரே துளைக்குள்ளால் கோத்து, கையில் சுற்றி இறுக்கினார். அந்த இறுக்கலில் அவருடைய சுண்டுவிரலில் நூல் பதிந்த கோடு வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று பக்கத்தில் வந்து தோல் துண்டை முகர்ந்தது. "சூ, அது உனக்கில்லை" என்று மெதுவாகச் சொல்லி அதன் மூக்கைப் புறங்கையால் தள்ளிவிட்டுத் திரும்பவும் தையலுக்குள் போனார்.

"ஐயா, எவ்வளவு?" என்று கேட்டேன்.

"மற்றதையும் கொண்டு வாங்கோ தம்பி. இதுக்குப் பிறகு கதைப்பம்."

கொண்டு போனோம். இருபத்திரண்டு சோடியில் பதினெட்டு சோடியை அவர் மீட்டுத் தந்தார். தேறாத நான்கிலிருந்து அடியையும் நாக்கையும் வெட்டி எடுத்து மற்றவற்றுக்குப் போட்டார். பகலில் வழமையான வேலை, மற்ற ஆட்களின் செருப்பு. எங்கள் பூட்ஸ் எல்லாம் பின்னேரம் கடைசி பஸ் போன பிறகு. எங்கள் பெடியன் கைபேசி வெளிச்சம் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பான். நான்காம் நாள் அவனே ஊசி பிடிக்கத் தொடங்கிவிட்டான்.

முடிந்ததும் காசை நீட்டினேன். வாங்கவில்லை. "ஆடி முடிச்ச பிறகு திரும்பக் கொண்டு வாங்கோ. எங்க விடுதெண்டு பாக்கோணும்," என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

சரி, இதோடு முடிந்திருந்தாலே இந்தக் கடிதத்தில் முதல் இடம் அவருக்குத்தான். ஆனால் நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடுத்த நாள் உரப்பை அவரிடம் போகும். அவர் உதைபந்தாட்டம் பார்க்காத மனிதர். கோல் எத்தனை என்று ஒருநாளும் கேட்டதில்லை. பூட்ஸைத் திருப்பி அடியைப் பார்ப்பார், பெருவிரலால் தடவுவார். இந்தப் பிள்ளை குதிக்காலை ஊன்றி ஓடுகிறான், இந்தப் பிள்ளை ஒரே பக்கம்தான் திரும்புகிறான் என்று சொல்லுவார். பயிற்றுநர் முதலில் சிரித்தார். பிறகு ஒரு கொப்பியும் பேனையுமாக அவரே அந்த வேம்படிக்குப் போய் இருக்கத் தொடங்கினார்.

பங்குனியில் ஒருநாள் ஐயா ஒரு சோடியைத் தனியே எடுத்து வைத்திருந்தார். வலது பூட்ஸின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, இடது புதிது மாதிரி. "இது ஆற்ற? இந்தப் பிள்ளைக்கு வலது முழங்கால் நோகுது. சொல்ல மாட்டான் போல. கேட்டுப் பாருங்கோ," என்றார்.

அது எங்கள் வலது விங்கருடையது. அணியிலேயே வேகமானவன். கேட்டோம். இல்லை என்றான். திரும்பக் கேட்டபோது அழுதுவிட்டான். ஆறு கிழமையாக நோவை மறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று பயம். வீட்டில் அந்த நிலைமையில் அவனுக்குச் சந்தோஷமாக இருந்த ஒரே இடம் மைதானம். உரிய நேரத்தில் காட்டியபடியால் ஐந்து கிழமை ஓய்வோடும் பயிற்சியோடும் சரியாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் அப்படியே ஓடியிருந்தால் கால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைக்கவே எனக்கு நடுங்குகிறது. நேற்று எங்களுக்கு வந்த அந்த ஒரு கோல் அவன் அடித்தது.

செயலாளர் நான், பயிற்றுநர், தலைவர், அவனோடு தினமும் கூட ஓடுகிற இருபது பேர் என்று இத்தனை பேர் இருந்தும் நாங்கள் கவனிக்கவில்லை. அவனுடைய முகத்தைக்கூடக் காணாத ஒருவர், அவன் கழற்றிப் போட்ட சப்பாத்தைப் பார்த்து அவன் நோவைக் கண்டுபிடித்தார். இதை நான் எத்தனையோ இரவு யோசித்துப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைப் பார்ப்பது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, அவர்களுடைய ஆட்டத்தைப் பார்ப்பதுதான்.

கிண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நொக்அவுட்டில் காலிறுதி. கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிற பின்னேரம். 90 நிமிடமும் கோல் இல்லாமல் முடிந்து மேலதிக நேரம் தொடங்கி ஐந்தாவது நிமிடம், எங்கள் இடது பின்வரிசைக்காரனின் அடி கழன்று தொங்கியது. நடுவர் வெளியே போய்ச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார். மாற்றுவீரர்கள் முடிந்துவிட்டார்கள், அவன் வரும்வரை பத்துப் பேர். அப்போது எங்கள் இரண்டாவது கோல் காப்பாளன் தன் பைக்குள் இருந்து ஒரு பழைய பால்மா டின்னை எடுத்தான். உள்ளே வளைந்த ஊசி, மெழுகு பூசிய நூல், சின்னக் கத்தி. ஐயா கொடுத்துவிட்டது. எங்கள் யாருக்கும் தெரியாது. கோட்டோரமாகக் குந்தி, பூட்ஸை முழங்காலுக்குள் இறுக்கிப் பிடித்து, ஆறு தையல் போட்டான். அவன் நூலைக் கையில் சுற்றி இழுத்தபோது எனக்கு வேம்படிதான் கண்ணுக்குள் வந்தது. நான்கு நிமிடத்தில் மற்றவன் உள்ளே ஓடினான். அந்த ஆட்டத்தைப் பெனால்டியில் வென்றோம். அரையிறுதியில் 2-1 என்று தோற்றோம். எங்களை வென்ற அணி அன்று எங்களைவிட நன்றாக ஆடியது, மனம் நிறைந்து கைகொடுத்துவிட்டு வந்தோம்.

மற்றவர்களைச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் எழுத வேண்டிய கடன் இருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஆறு பந்தைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போன நானாமாருக்கு நன்றி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை, பாதை என்று நாங்கள் சொல்லுகிற மிதவைப் படகில் ஏறிக் கடந்துதான் உங்கள் ஊரில் வந்து ஆடுவோம். ஆட்டத்தில் முட்டி மோதிவிட்டு, பாதை வரும்வரை ஒரே கடையில் பிளேன்ரீ குடித்த பழக்கம் இன்னும் விடவில்லை என்று காட்டிவிட்டீர்கள். முதல் ஆட்டத்தைப் பத்து நாள் தள்ளிவைக்கச் சம்மதித்த எதிரணிக்கு நன்றி. நீங்கள் மாட்டோம் என்றிருந்தால் உங்களுக்கு மூன்று புள்ளி சும்மா கிடைத்திருக்கும். கிழிந்த கோல் வலையை ஒரே இரவில் முடிந்து தந்த மீனவ அண்ணைமார், வெளியூர் ஆட்டத்துக்கு லொறியைத் தந்து டீசலுக்கும் காசு வாங்காத முதலாளி, பயிற்சி முடிகிற நேரம் பார்த்து பணிஸ் பெட்டியோடு வந்து நின்ற பேக்கரித் தம்பி, சேற்றில் கிடந்த ஜேர்சிகளை உவர்மலைக் கிணற்றடியில் மூன்று தரம் அலசிக் காயவைத்த அம்மாமார், கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்து பெயர் சொல்லாமல் காசு அனுப்பிய பழைய வீரர்கள், எல்லாருக்கும் நன்றி. காற்று மழை பாராமல் வந்து விசில் ஊதிய நடுவர்களுக்கும்தான். நாங்கள் உங்களோடு சத்தம் போட்ட நாட்களுக்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த நாட்டில் உதைபந்தாட்டத்துக்கு வந்த சோதனைகள் உங்களுக்குத் தெரியும். 2023இல் பீஃபா தடை போட்டபோது ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை நாட்டின் பெயரில் வெளியே ஆட முடியாமல் இருந்தது. அந்த மாதங்களில் எங்கள் பெடியள் சிலர் பந்தை விட்டே போனார்கள், அவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. இந்த முறையும் அப்படி ஆகிவிடும் என்றுதான் பயந்தேன். ஒருவனும் போகவில்லை. பதினெட்டு சோடி, மாறி மாறிப் போட்டு, இருபத்திரண்டு பேரும் கடைசி ஆட்டம் வரை நின்றார்கள்.

இதைப் பொதுவில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் சொல்லுகிற வாக்குக்கு நீங்கள் சாட்சியாக இருக்க வேண்டும். வருகிற பருவத்திலிருந்து கழகக் கணக்குப் புத்தகத்தில் முதல் செலவு ஐயாவின் கூலி. அவர் வாங்க மாட்டேன் என்றால் வாங்கும்வரை நான் அங்கே இருப்பேன். கழகத்தில் சேருகிற ஒவ்வொரு பிள்ளையும் பந்தைத் தொடுவதற்கு முதல் ஒரு பின்னேரம் அந்த வேம்படியில் போய் இருந்து, தன் சப்பாத்தைத் தானே தைக்கப் பழக வேண்டும். பயிற்றுநரும் ஓம் என்றுவிட்டார். அந்தப் பழைய குடைக்குப் பதிலாக வெயிலுக்கும் மழைக்கும் தாங்குகிற ஒரு சின்னக் கூரை போடுவதற்குப் பெடியள் தாங்களாகவே காசு சேர்க்கிறார்கள். உரிய இடத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம்.

நேற்று ஆட்டம் முடிந்ததும் நேராக அவரிடம் போனோம், எல்லாரும், ஜேர்சியோடு. அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். தப்பிவிட்டோம் ஐயா என்று சொன்னோம். சந்தோஷம் என்றார். பிறகு எங்கள் விங்கரைக் கூப்பிட்டுத் தன் பலகையில் இருத்தி, அவன் வலது பூட்ஸைத் தானே கழற்றி, தெருவிளக்குக்கு நேரே பிடித்து அடியைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேஞ்சிருக்கு," என்றார். "இப்ப சரி."