எந்த ரிவிஷனில் என்ன கோளாறு என்று வெளியிடுங்கள்

நெட்வொர்க் கார்டு நிறுவனத்தின் டிரைவர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் 2.5 ஜிகாபிட் கார்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, வேலை வந்ததும் காணாமல் போகும் விஷயம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கார்டை வாங்கிப் பயன்படுத்தும் நாங்கள் அனுப்பிய லாக், அதாவது கணினி எழுதிவைக்கும் பதிவுகள், எல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. போன வாரம் அந்தப் புகாரை, "கேபிளை மாற்றிப் பாருங்கள்" என்ற ஒற்றை வரியோடு மூடிவிட்டீர்கள்.

கேபிளை முதலிலேயே மாற்றிவிட்டோம். அப்புறம் ஸ்விட்ச், மதர்போர்டு ஸ்லாட், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் என்று ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் எத்டூல் கட்டளை தரும் எண்களைக் குறித்துவைத்தோம். வழியில் சிதைந்து வந்த தரவை எண்ணும் சிஆர்சி பிழை ஏறவே இல்லை. கேபிள் கெட்டிருந்தால் முதலில் ஏறுவது அதுதான். பிசிஐ எக்ஸ்பிரஸின் மின்சேமிப்பை, அதாவது ஏஎஸ்பிஎம்மை, நிறுத்தினால் கார்டு விழாமல் ஓடுகிறது, திரும்பப் போட்டால் விழுகிறது. எங்கள் குழுவில் எல்லாருடைய சோதனையிலும் இதே கதைதான்.

கார்டு விழுந்தபின் ஸ்லாட்டில் இருப்பவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைப் போட்டால், ரிவிஷன் எண், அதாவது சிப்பின் பதிப்பு எண், இருக்க வேண்டிய இடத்தில் எஃப்எஃப் என்று நிற்கும். கேட்டதற்குப் பதில் சொல்ல அந்த ஸ்லாட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம். ரீபூட் போதாது, கணினியின் பவர் வயரைப் பிடுங்கிச் செருக வேண்டும். எங்களில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். கோடை விடுமுறையில் கணினி அறை சர்வரை இதற்காகவே ஒதுக்கி, கோளாறு வரட்டும் என்று ஏஎஸ்பிஎம்மைப் போட்டுவைத்தார். விழும்போதெல்லாம் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய், வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, பவர் வயரைப் பிடுங்கிச் செருகி, லாக்கை எடுத்து அனுப்பினார். அந்த மனிதருக்குத்தான் கேபிளை மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் புதிதாக வாங்கிய கார்டில் ரிவிஷன் எண் வேறு, அது விழுவதே இல்லை. சிப்பிலேயே எதையோ திருத்திவிட்டீர்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. அப்படியானால் பழைய கார்டுக்குக் காசு கொடுத்தவர்களிடம் அதைச் சொல்வதில் என்ன தயக்கம்? எந்த ரிவிஷனில் என்ன கோளாறு என்ற பட்டியலைத்தான் கேட்கிறோம்.

இது நடக்காத காரியம் இல்லை. தன் 2.5 ஜிகாபிட் நெட்வொர்க் சிப்பான ஐ225இல் தரவுப் பாக்கெட்டுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி தரநிலைப்படி இல்லை என்று இன்டெல் ஒப்புக்கொண்டது, 1 ஜிகாபிட்டில் ஓட்டச் சொன்னது, புது ஸ்டெப்பிங்கும், அதாவது சிப்பின் திருத்திய பதிப்பும், கொண்டுவந்தது. 2013இல் இன்டெலின் 82574எல் நெட்வொர்க் சிப்பைக் குறிப்பிட்ட ஒரு பாக்கெட் முடக்கிப்போடுவதைக் கண்டுபிடித்தவர் அதைப் பயன்படுத்திய கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர்தான். இன்டெல் ஆராய்ந்து, ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் ஈப்ராமில், அதாவது சிப்பின் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகத்தில், தவறான இமேஜை எழுதியதே காரணம் என்று சொன்னது. காரணம் வெளியே வந்ததால் மற்றவர்கள் தங்கள் கார்டைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

பொதுவாகவே இந்தத் துறையில் பொருளை விற்றுவிட்டுச் சோதனையை வாங்கினவன் தலையில் கட்டுவது பழக்கமாகிவிட்டது. சம்பளம் கேட்கவில்லை, நன்றிகூட வேண்டாம், கண்டுபிடித்துக் கொடுத்ததைப் படித்துப் பார்க்கவாவது வேண்டாமா?

கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூடிய புகாரைத் தயவுசெய்து திறந்து, ரிவிஷன் வாரியாகக் கோளாறுப் பட்டியலை வெளியிடுங்கள். பழைய ரிவிஷனில் ஏஎஸ்பிஎம்மை டிரைவரே நிறுத்தும்படி ஒரு பேட்சும், அதாவது மென்பொருள் திருத்தமும், கொடுங்கள். நீங்கள் பேட்ச் அனுப்பினால் அன்றைக்கே சோதித்துச் சொல்ல ஆள் இருக்கிறோம்.